பூம்பாறை மூட்டத்தில் சோலார் சார்ஜிங்: காலை வெயிலை நம்பிக் கட்டிய பெட்டி

கொடைக்கானல் மலைக் கிராமமான எங்கள் பூம்பாறையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெயில் காலை ஏழரை வாக்கில் எங்கள் முற்றத்துக்கு வரும், பதினொன்று, மிஞ்சிப்போனால் பன்னிரண்டுக்குள் கிளம்பிவிடும். அதன் பிறகு பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தால் எதிர் வீட்டுக் கூரை கூடத் தெரியாது. கரண்ட் போவதும் இதே மாதங்களில்தான். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கிய மழை, காற்றோடு அடித்துப் பெய்தால் மண் ஊறி எங்காவது ஒரு தைல மரமோ பைன் மரமோ லைன் மேல் சாயும், ரோட்டிலும் மண் சரிந்துவிட்டால் சரிசெய்ய வருகிறவர்களே கம்பியையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு நடந்துதான் வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறி உள்ளே வந்தபோது கொடைக்கானல் பகுதியில் மரங்கள் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆக, எந்த மாதத்தில் சோலார் தேவைப்படுகிறதோ அந்த மாதத்தில்தான் வெயிலும் குறைவு. கடையில் கேட்டால் பேனல் எத்தனை வாட், பவர் பேங்க் எத்தனை எம்ஏஎச் என்றுதான் பேச்சு போகிறது. மலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, மூட்டம் இறங்குவதற்குள் நம்மால் எவ்வளவு பிடிக்க முடியும் என்பது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா பூண்டு காயப்போடும்போது சொல்வார், "தம்பி, வெயிலு பதினோரு மணி வரைக்குந்தான், அதுக்குள்ள ஒரு தடவை புரட்டிப் போட்ரணும்." பூண்டுக்கு அவர் சொன்ன கணக்கில்தான், கரண்ட் போனால் போனும் விளக்கும் ஓட நான் கட்டிய இந்தச் சோலார் பெட்டியின் ஒவ்வொரு சாமானையும் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் வீட்டில் இருந்ததை வைத்துப் பார்த்தேன். தம்பி மலையேறப் போகும்போது எடுத்துப்போக வாங்கிய மடக்குப் பேனல், 21 வாட் என்று மேலே அச்சடித்திருக்கும், யூஎஸ்பி பாயின்ட் இரண்டு. முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யூஎஸ்பி மீட்டர் ஒன்றை இடையில் சொருகி, தெளிவான வெயிலில் காலை ஒன்பதரைக்குப் போனை மாட்டினால் 4.9 வோல்ட், 2.3 ஆம்பியர், அதாவது 11 வாட் சுமார் வந்தது. மோசமில்லை. இந்த மாதிரிப் பேனலில் போட்டிருக்கும் வாட் அப்படியே வெளியே வராது, உள்ளே 5 வோல்ட்டாகக் குறைக்கும் சர்க்யூட்டிலும் கொஞ்சம் போகும். பிரச்சினை அதில் இல்லை. ஒரு மேகத் துண்டு குறுக்கே வந்தது, மீட்டரில் 4.9 என்பது 4.6 ஆச்சு, 4.3 ஆச்சு, மீட்டரே அணைந்தது. இரண்டு நொடியில் திரும்ப எரிந்தது, போன் 'டிங்' என்று சத்தம் கொடுத்துத் திரையைப் போட்டது, மறுபடி அணைந்தது, மறுபடி 'டிங்'. அந்த மேகம் போகும்வரைக்கும் இதேதான். சார்ஜ் ஏறவில்லை என்பதோடு, ஒவ்வொரு முறையும் திரை எரிந்து இருக்கிற சார்ஜும் இறங்குகிறது.

ஏன் இப்படி என்றால், போன் தனக்கு இரண்டு ஆம்பியர் வேண்டும் என்று இழுக்கிறது, மேகத்தில் பேனலால் அரை ஆம்பியர்தான் தர முடிகிறது, தர முடியாததை இழுக்கும்போது வோல்ட் சரிந்து விழுகிறது. விழுந்ததும் போன் விடுகிறது, விட்டதும் வோல்ட் எழும்புகிறது, போன் மறுபடி இழுக்கிறது. இதைவிட மோசம், சில போன்கள் இப்படி இரண்டு மூன்று முறை அறுபட்டதும் இது ஏதோ பலவீனமான சார்ஜர் என்று முடிவுகட்டி அரை ஆம்பியரோடு நின்றுவிடும், பளிச்சென்று வெயில் திரும்பி வந்த பிறகும் அதே அரை ஆம்பியர்தான். கழற்றி மாட்டினால்தான் சரியாகும். நாள் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் இது பெரிய விஷயமில்லை. நாலு மணி நேரமே வெயில் இருக்கிற ஊரில், அதிலும் பாதி நேரம் மேகம் போய்வருகிற ஊரில், பேனலிலிருந்து நேராகப் போனுக்குக் கொடுப்பது வேலைக்கு ஆகாது. நடுவில் ஒரு பேட்டரி இருக்க வேண்டும். பேட்டரி இவ்வளவு வேண்டும் என்று அடம் பிடிக்காது, கால் ஆம்பியர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும், இரண்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பவர் பேங்கின் முதுகிலேயே சின்னப் பேனல் ஒட்டி, சோலார் பவர் பேங்க் என்று விற்கிறார்கள். கொடைக்கானலுக்கு வந்துபோகிறவர்கள் கையில் நிறையப் பார்க்கிறேன், எங்கள் ஊரிலும் சிலர் வாங்கியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவுப் பேனலில் ஒன்று, ஒன்றரை வாட்டுக்கு மேல் வர வழியே இல்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). ஒன்றரை வாட்டில் அதை நிரப்ப நல்ல வெயிலே ஐம்பது மணி நேரம் வேண்டும், நம் காலை நாலு மணி நேரக் கணக்கில் பன்னிரண்டு பதிமூன்று நாள். அதோடு லித்தியம் பேட்டரியை அப்படியே வெயிலில் கிடத்தவும் வேண்டியிருக்கிறது, அது சூட்டில் உப்பிவிடும். கரண்ட் இருக்கும்போதே சுவரில் மாட்டி நிரப்பி வைத்துக்கொண்டால் அது நல்ல பவர் பேங்க்தான். அவசரத்துக்கு அந்தப் பேனல் காப்பாற்றும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

சரி, எவ்வளவு தேவை? எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாத நாளில் அவசியம் ஓட வேண்டியவை: போன் இரண்டு, ராத்திரி சமையலறையில் ஒரு விளக்கு, சாயங்காலம் கொஞ்ச நேரம் இன்டர்நெட் ரவுட்டர், அப்புறம் அம்மாவின் ரேடியோ. இப்போது வருகிற போன்களில் 5,000 எம்ஏஎச் பேட்டரி என்பது 19 வாட்-மணி. வழியில் ஆகும் சேதாரத்தையும் சேர்த்தால் பெட்டியிலிருந்து 25 எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு போனையும் ஒரே நாளில் பூஜ்யத்திலிருந்து நிரப்பப் போவதில்லை, எனவே ஒன்றரைப் போனுக்கு 37 என்று வைத்தேன். விளக்கு 3 வாட், நாலு மணி நேரம், 12. ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்த்தால் 7 வாட் பக்கம்தான் இழுக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு 21. ரேடியோ கணக்கில் சேராத அளவு. மொத்தம் நாளுக்கு 70, 75 வாட்-மணி. இந்தக் கணக்கைக் கட்டாயம் உட்கார்ந்து போடுங்கள், பேப்பரில் பத்து நிமிஷ வேலை. பலரும் இதைப் போடாமல் மிக்ஸி ஓடுமா, கெட்டில் ஓடுமா என்று கேட்கிறார்கள். சூடு பண்ணுகிற எதுவும் இந்த அளவுப் பெட்டியில் ஓடாது.

பேட்டரி 12.8 வோல்ட் 12 ஆம்பியர்-மணி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 153 வாட்-மணி வருகிறது, ஒரு நாள் முழுக்க வெயிலே வராவிட்டாலும் இரண்டாம் நாள் தாக்குப்பிடிக்கும். சோலார் தெருவிளக்குகளுக்கு என்றே இதே அளவில் கட்டிய பேக் கிடைக்கிறது, செல்லும் அதைப் பாதுகாக்கிற பிஎம்எஸ் போர்டும் உள்ளேயே வைத்துச் சுருக்குப் பிளாஸ்டிக் போட்டிருக்கும். தனிச் செல்களை வாங்கி நாமே கட்டலாமே என்று தோன்றும். செல் முனையில் நேராகச் சால்டரிங் அயர்ன் வைத்தால் சூட்டில் செல் கெடும், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்கிற மெஷின் வேண்டும், அது இல்லாதவர்கள் கட்டிய பேக்கையே வாங்குவது நல்லது. லெட் ஆசிட் பேட்டரியை நான் யோசிக்கவே இல்லை. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், பல நாள் அரைச் சார்ஜிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து போகும். நம்முடைய மூட்டம் அதை அரைச் சார்ஜில்தான் கிடத்தும். பாஸ்பேட் லித்தியத்துக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது, தீப்பிடிக்கும் அபாயமும் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. மார்கழி, தை விடியலில் இங்கே புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், எனவே பேட்டரியைப் பேனலோடு சேர்த்து வெளியே விட்டுவைக்காமல் வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துகிற சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கும்போது கொஞ்சம் கவனம். மலிவான கன்ட்ரோலர்கள் பலவற்றின் மேல் எம்பிபிடி (பேனலின் சக்தியை வீணாக்காமல் எடுக்கும் வகை) என்று பெரிதாக எழுதியிருக்கும், உள்ளே இருப்பது பிடபிள்யூஎம் என்கிற எளிய வகை. பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். நல்ல வெயிலில், பேட்டரி பாதி இறங்கிய நிலையில், பேனலிலிருந்து கன்ட்ரோலருக்குள் போகும் ஆம்பியரையும் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஆம்பியரையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பிடபிள்யூஎம். நிஜமான எம்பிபிடி அதிக வோல்ட்டைக் குறைத்து ஆம்பியராக மாற்றித் தரும், பேட்டரிப் பக்கம் கண்டிப்பாகக் கூடுதலாகக் காட்டும். நான் வாங்கியது பிடபிள்யூஎம் என்று சொல்லியே விற்றது, விலை ஐந்நூறுக்குள். 18 வோல்ட்டில் வேலை செய்யும் பேனலை அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடுவதால் கால் பங்குக்கு மேல் வீணாகும். தெரிந்துதான் எடுத்தேன். நிஜமான சின்ன எம்பிபிடி கேட்கிற விலையின் வித்தியாசத்தில் பேனலையே ஒரு படி பெரிதாக வாங்கிவிடலாம், மூட்டத்தில் பெரிய பேனல்தான் அதிகம் உதவும். ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: பேட்டரி வகையைத் தேர்வு செய்யவும், முழுச் சார்ஜ் வோல்ட்டை 14.4 என்று நாமே வைக்கவும் வசதி இருக்க வேண்டும்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் 22 வோல்ட் வரைக்கும் கன்ட்ரோலருக்குள் போகும், சில கன்ட்ரோலர்கள் இது 24 வோல்ட் பேட்டரி என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். இந்த வரிசையைப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அம்மாவோ தம்பியோ எடுத்து மாட்டும்போது குழப்பம் வேண்டாம் என்று.

இனி பேனல். 40 வாட், கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் போட்டது, 36 செல் வரிசையாக இணைத்தது. வேலை செய்யும் வோல்ட் 18, உச்ச ஆம்பியர் 2.2. ஒரு ஆள் ஒரு கையில் தூக்கிவிடலாம், அதுதான் நான் வைத்த எல்லை. கூரையில் நிரந்தரமாகப் பொருத்தாததற்குக் காரணம் உண்டு. காற்று, குரங்கு, இடி மூன்றும் இங்கே சாதாரணம். குரங்குக்கு ஒயர் என்றால் இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இடி இடிக்கும் மதியத்தில் வெளியே இருக்கும் பேனலின் ஒயர் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியோடு இணைந்திருப்பதை நான் விரும்பவில்லை. காலையில் வெளியே வைத்து, மூட்டம் கெட்டியானதும் கழற்றி உள்ளே வைப்பதுதான் வழக்கம்.

சோலார் பற்றி எங்கே விசாரித்தாலும், பேனலைத் தெற்கு நோக்கி உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்து வையுங்கள் என்பார்கள். நம் ஊருக்கு அது பத்து டிகிரி, ஏறக்குறையப் படுத்த மாதிரிதான். வருஷம் முழுக்க, நாள் முழுக்க வெயில் பிடிக்கிறவர்களுக்கு அது சரியான கணக்கு. எங்களுக்கு வேண்டியது கார்த்திகை மாதத்தின் காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் சூரியன் தென்கிழக்கில், கிழக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, தரையிலிருந்து 36 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. அதற்கு நேர் எதிராக நிற்க வேண்டுமானால் பேனலை ஐம்பது டிகிரிக்கு மேல் நிமிர்த்த வேண்டும். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தேன். ஒரே வெயில், ஒரே நிமிஷம். தெற்கு நோக்கிப் பத்து டிகிரியில் கிடத்தினால் 1.4 ஆம்பியர். அதையே தென்கிழக்காகத் திருப்பி நிமிர்த்தினால் 2 ஆம்பியரைத் தொட்டது. ஒரு பைசா செலவில்லாமல், திருப்பி வைத்ததற்கே இவ்வளவு கூடுதல்.

கோணம் அளக்க மீட்டர் எதுவும் வேண்டாம். பேனல் சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு நீளமான போல்ட்டைப் பேனல் பரப்புக்குச் செங்குத்தாக முடுக்கியிருக்கிறேன், பென்சில் உயரம் இருக்கும். அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பேனலைத் திருப்ப வேண்டும், நிழல் சுருங்கிச் சுருங்கிப் போல்ட்டின் காலடியிலேயே மறைந்துவிட்டால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்பதரைக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை திருப்பினால் போதும். சட்டத்தின் பின்னால் கீல் போட்டு ஒரு இரும்புக் கால், கீழே ஒரு சங்கிலி, சங்கிலியின் எந்தக் கண்ணியில் மாட்டுகிறோமோ அந்தக் கோணம். வெல்டிங் பட்டறையில் பழைய ஆங்கிள் துண்டுகளை வைத்தே செய்து கொடுத்துவிட்டார்கள்.

மூட்டம் இறங்கியதும் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வெளிச்சம் அப்போது ஒரு திசையிலிருந்து வருவதில்லை, வானம் முழுக்கப் பரவி வருகிறது. நிமிர்த்தி வைத்த பேனல் வானத்தோடு கொஞ்சம் மண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது, படுக்கப் போட்டால் வானம் முழுவதையும் பார்க்கும். மெல்லிய மூட்டத்தில் நிமிர்த்தினால் 0.3, படுக்கப் போட்டால் 0.4 ஆம்பியர் காட்டியது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் நாள் முழுக்க வெயிலே வராத நாளில் அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து ஒரு போனுக்குக் கால் பங்கு சார்ஜ் ஆகிவிடும்.

நிழல் விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. 36 செல்லும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒரே ஒரு செல்லை மறைத்தாலும் மொத்தக் கரண்டும் அங்கே முட்டி நிற்கும். நம்பாதவர்களுக்கு நான் செய்து காட்டுவது, 2 ஆம்பியர் வந்துகொண்டிருக்கும்போது ஒரு மூலைச் செல் மேல் உள்ளங்கையை வைப்பது. முள் சட்டென்று சரியும். பேனலில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் மறைந்தது, கரண்டோ பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் முற்றத்தில் எட்டரை மணி வரைக்கும் கூரை விளிம்பின் நிழல் தரையில் கிடக்கும், அதனால் முதல் ஒரு மணி நேரம் பேனலைத் திண்ணை ஓரத்துக் கல் மேல் வைக்கிறேன். காலையில் கண்ணாடி மேல் பனித்துளி கோர்த்து நிற்கும், அதையும் பழைய பனியன் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் நல்லது.

மலைக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. சிலிக்கான் பேனல் சூடாக ஆக அதன் சக்தி குறையும், ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் சுமாராக. கீழே அடிவாரத்து வத்தலக்குண்டில் மொட்டைமாடியில் கொதிக்கிற பேனலைவிட இங்கே குளிர்காற்றில் நிற்கிற பேனல் அதே வெயிலுக்கு அதிகம் தரும். காற்றும் மெல்லியது, தூசும் குறைவு, மூட்டம் இல்லாத நேரத்து வெயில் சுள்ளென்று இருக்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள் என்றால் இந்த மலை வெயிலின் தரம் அப்படி. நமக்குக் குறைச்சல் நேரத்தில்தான்.

ஒயர் பற்றிச் சுருக்கமாக. முற்றத்திலிருந்து அறைக்குப் பத்து மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர இருபது மீட்டருக்கு கால் ஓம் அளவு தடை, 2.2 ஆம்பியரில் அரை வோல்ட்தான் விழுகிறது. பேனல் 18 வோல்ட்டில் இருப்பதால் அந்த அரை வோல்ட் போனதே தெரியாது. இதையே யூஎஸ்பி கேபிளை நீட்டிச் செய்ய நினைத்தால் 5 வோல்ட்டில் அது நடக்காது, மெல்லிய கேபிளில் மூன்று மீட்டரிலேயே போன் சார்ஜ் மந்தமாகிவிடும். நீளமான தூரத்தை அதிக வோல்ட்டில் கடத்து, போனுக்குப் பக்கத்தில் வந்து 5 வோல்ட் ஆக்கு, அதுதான் முறை.

பெட்டி என்பது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டூல் பாக்ஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நாலு விரல் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், மோட்டார் சைக்கிள், கார்களில் போடுகிற அதே ஃபியூஸ். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், லித்தியம் பேட்டரியின் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால் ஒயர் உருகிப் பற்றிக்கொள்ளும், ஃபியூஸ் பத்து ரூபாய்தான். போன் சார்ஜுக்குக் கார் சார்ஜர் ஒன்றும் அதற்கான சாக்கெட்டும் வைத்தேன். கார் சார்ஜர் 12 முதல் 24 வோல்ட் வரைக்கும் தாங்கும்படி செய்தது, வேகச் சார்ஜும் கிடைக்கிறது, கெட்டுப்போனால் எந்தக் கடையிலும் வேறொன்று வாங்கலாம். கன்ட்ரோலரிலேயே இருக்கும் யூஎஸ்பி பாயின்ட் சும்மா பேருக்குத்தான், சூடாகிறது, நான் அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டேன். ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. மழை மாதத்தில் செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும், எனவே முனை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாஸ்லின், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம்.

ரவுட்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரைக்கும் போகும், ரவுட்டர் 12 வோல்ட்டுக்குச் செய்தது. தாங்குகிற ரவுட்டரும் இருக்கும், ஆனால் இருநூறு ரூபாய்ச் சமாச்சாரத்துக்காக அதைச் சோதிக்க வேண்டியதில்லை, உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே சீராக 12 வோல்ட் தருகிற பக்-பூஸ்ட் போர்டு ஒன்றை இடையில் போட்டேன். அடாப்டரின் மேல் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்து நடுமுனை பாசிட்டிவா என்று உறுதிசெய்துகொண்டு பின்னை மாட்டுங்கள். பைபர் லைன் அறுபடாமல் இருந்து, மறுமுனையிலும் கரண்டுக்கு ஏற்பாடு இருந்தால், செல்போன் டவர் பேட்டரி இறங்கிச் சிக்னல் போன பிறகும் இதில் பேசலாம், வாட்ஸ்அப் கால் தெளிவாகப் போகிறது. சிக்னல் மெலிந்துபோன நேரத்தில் போனைச் சும்மா வைத்திருந்தாலே டவரைத் தேடித்தேடிச் சார்ஜ் இறங்கும், அப்போது ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் இயக்கினால் ஒரு நாள் வருவது இரண்டு நாள் வரும்.

அம்மாவுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். கோடை பண்பலை, 100.5, அது பாடினால் போதும். மழை நாளில் எந்த ரோட்டில் மரம் விழுந்தது, பஸ் போகிறதா என்று யாராவது கேட்டு வந்து சொல்வதற்குள் ரேடியோவிலாவது ஏதாவது சொல்வார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். ரேடியோவில் 18650 என்கிற லித்தியம் செல் ஒன்றே ஒன்று, யூஎஸ்பியில் ஏறும். பெட்டிக்குள் இருக்கும் வோல்ட் குறைக்கும் போர்டுகள் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும், மீடியம் வேவில் அதிகம், எஃப்எம்மில் குறைவு. அதனால் ரேடியோவைப் பெட்டி மேல் வைக்காமல் ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டும்.

இப்படிக் கட்டிய பெட்டி போன கார்த்திகையில் வேலைக்கு வந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து கரண்ட் தொடர்ந்து வராமல் இருந்த நாட்களில், வெயில் வந்த காலைகளில் பேட்டரிக்கு 70, 80 வாட்-மணி ஏறியதை மீட்டர் காட்டியது, மூட்டமாகவே இருந்த நாளில் பதினைந்தைத் தாண்டவில்லை. ரவுட்டரை ஒரு மணி நேரமாகக் குறைத்து அந்த நாளைத் தள்ளினோம். அக்கம்பக்கத்திலிருந்து போன்கள் வந்தன. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பாதி வரைக்கும் என்று அம்மாவே முறை வைத்தார். மகள் மதுரையில் படிக்கிற அக்கா ஒருவர் மட்டும் காலையும் மாலையும் வருவார், அவருக்கு அம்மா கணக்கே பார்க்கவில்லை. போன் பாதி வரைக்கும் ஏற்றுவது வேகமாகவும் நடக்கும், கடைசி இருபது சதவீதம்தான் ரொம்ப நேரம் எடுக்கும், அதனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இந்த முறை உண்மையிலேயே நல்லது.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கன்ட்ரோலரில் இருக்கும் கோடுகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாஸ்பேட் லித்தியம் 13.3 வோல்ட்டிலிருந்து 13.0 வரைக்கும் இறங்குவதற்குள்ளேயே பெரும்பகுதி சார்ஜ் செலவாகிவிடும், கோடு மட்டும் அசையாமல் நிற்கும். 12.8-க்குக் கீழே போனால் கொஞ்சம்தான் மிச்சம், அப்புறம் மளமளவென்று விழுந்து பிஎம்எஸ் அணைத்துவிடும். பேட்டரி ஒயரில் ஒரு டிசி வாட் மீட்டரை நிரந்தரமாக மாட்டிவிட்டால் ஏறியது இவ்வளவு, இறங்கியது இவ்வளவு என்று வாட்-மணியிலேயே தெரியும், ஊகத்துக்கு இடமில்லை.

நீலகிரிப் பக்கம் இருக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துச் செய்ய வேண்டாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழை என்பதால் எங்கள் கணக்கு ஓரளவுக்குப் பொருந்தும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, காலை வெயில் என்பதே சில வாரங்களுக்கு இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அந்த மாதிரி நாளில் எந்தப் பேனலும் எதுவும் தராது. அங்கே பேனலைப் பெரிதாக்குவதைவிடப் பேட்டரியை இரண்டு மடங்கு ஆக்கி, மழைக்கு முன்னால் சுவர்க் கரண்டில் நிரப்பி வைப்பதுதான் வழி. 14.6 வோல்ட் பாஸ்பேட் சார்ஜர் என்று கேட்டு வாங்க வேண்டும், பழைய 12 வோல்ட் இன்வெர்ட்டர் சார்ஜர் ஒத்துவராது. நானும் அந்தப் பாஸ்பேட் சார்ஜர் ஒன்று வைத்திருக்கிறேன், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததும் அன்று ராத்திரியே மாட்டிவிடுவேன்.

செலவு: பேனல் இரண்டாயிரம், பேட்டரி மூவாயிரத்து ஐந்நூறு, கன்ட்ரோலர், மீட்டர், ஒயர், பெட்டி, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டாயிரம். பெரியப்பா தனக்கும் ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். அவர் வீட்டில் ரவுட்டர் இல்லை, விளக்கும் இரண்டு போனும்தான், அதனால் 6 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். பேனலை மட்டும் அதே 40 வாட்டாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவர் முற்றத்தில் வெயில் பத்தரைக்கே போய்விடுகிறது.